அகத்தியருக்கு வலப்புறம் நிற்கும் விண்மீன்

சூரியனைத் தவிர்ந்த ஏனைய விண்மீன்களைச் சுற்றும் கோள்களில் உறுதிசெய்யப்பட்டவற்றின் எண்ணிக்கை 6,000ஐ எட்டிவிட்டதாக 2025 செப்டெம்பரில் நாசா அறிவித்தது. அவற்றுள் நேரடியாகப் படம்பிடிக்கப்பட்டவை நூறுகூட இல்லை. எஞ்சியவற்றுள் மிகப் பெரும்பாலானவை அவற்றின் விண்மீன்கள் அளித்த சாட்சியத்தைக் கொண்டு அறியப்பட்டவை. விண்மீனின் ஒளி குறித்த தவணையில் சற்றுக் குறைகிறது, அல்லது விண்மீன் நின்ற இடத்திலேயே மெல்ல ஆடுகிறது, ஆகவே அருகில் ஒரு கோள் இருந்தாக வேண்டும் என்பதே அங்குள்ள தருக்கம். அதில் பிழை எதுவும் இல்லை. உயர்தர வகுப்பில் பௌதிகவியல் கற்பிக்கும் நானே அதைக் கரும்பலகையில் எழுதி நிறுவுகிறவன். ஆனாலும் ஒரு கோளின் சொந்த வெப்பத்தில் பிறந்த ஒளி புறப்பட்டு, பல்லாண்டுகள் பயணம் செய்து, ஒரு தொலைகாட்டியின் ஆடியில் விழுந்து புள்ளியாகப் பதிவதை மற்றச் சாட்சியங்களோடு சேர்த்து எண்ண எனக்கு மனம் வருவதில்லை. அப்படிப் பதிவான கோள்களுள் மிக நுணுக்கமாக ஆராயப்பட்ட ஒன்று, திருகோணமலையில் நின்று வெறுங்கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு விண்மீனைச் சுற்றுகிறது.

அந்த விண்மீனின் பெயர் பீற்றா பிக்டோரிஸ். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நன்னம்பிக்கை முனையில் தங்கித் தென்வானத்தை அளந்த பிரெஞ்சு வானியலாளர் லக்காய், பெயரில்லாமல் கிடந்த பகுதிகளுக்குத் தம் காலத்துக் கருவிகளின் பெயர்களைச் சூட்டினார். நுண்ணோக்கி, தொலைகாட்டி, மணிக்கூடு, வளிப்பம்பி என்று நீளும் அந்த வரிசையில், ஓவியர் படம் தாங்கி நிறுத்தும் சட்டமும் பிக்டர் என்ற ஒரு விண்மீன் கூட்டமாயிற்று. தேவர்களும் விலங்குகளும் உலாவிய வானத்தில் இப்படியொரு பட்டறையைத் திறந்துவைத்த மனிதர் மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு. அந்தச் சட்டத்தின் இரண்டாவது விண்மீன்தான் நமது ஆள்.

அதைக் கண்டுகொள்ள வழி எளிது. வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்துவிட்ட பெப்ரவரி மாதத் தொடக்கத்தில், இரவு ஒன்பது மணியளவில், தெற்கு முகமாக நிற்க வேண்டும். உச்சிக்கு அருகே ஓரையன் விண்மீன் கூட்டம் நிற்கும். அங்கிருந்து சற்று இடப்புறமாக இறங்கினால், இரவு வானத்து விண்மீன்களில் முதற் பிரகாசமான சீரியஸ். இன்னும் கீழே, அடிவானத்திலிருந்து 30 பாகைக்குச் சற்றுக் குறைவான உயரத்தில், பிரகாசத்தில் இரண்டாவதான கனோபஸ். அதாவது நாம் அகத்தியர் என்று அழைக்கும் விண்மீன். அகத்தியரிலிருந்து வலப்புறமாக, நீட்டிய கையின் மூன்று விரல் அகலத்துக்குச் சற்று அப்பால், சிறிது உயரத்தில், தனித்து ஒரு வெண்புள்ளி தெரியும். அகத்தியரைவிட அது ஏறத்தாழ எழுபது மடங்கு மங்கல். நகரத்துக்குள் நின்று தேடினால் அகப்படாது. உவர்மலையில் நின்று உள்துறைமுகத்தின் மேலாகப் பார்த்தாலும், சீனக்குடாப் பக்கத்து விளக்குகள் வானத்தின் ஒரு பகுதியை வெளிறச் செய்துவிடுகின்றன. மூதூரைக் கடந்து வயல்வெளிப் பக்கம் போய்விட்டால், கண் இருளுக்குப் பழகியவுடனேயே தட்டுப்படுகிறது.

இம்மாவட்டத்தில் அகத்தியரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சிவபெருமானின் திருமணத்துக்காகத் தேவரெல்லாம் கயிலையில் திரண்டபோது வடக்குத் தாழ்ந்து தெற்கு உயர்ந்ததென்றும், நிலத்தைச் சமன்செய்ய அகத்தியர் தெற்கே அனுப்பப்பட்டார் என்றும் வரும் கதையைக் கோயில் முற்றங்களில் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். கோணேசர் வீற்றிருக்கும் மலை தட்சிண கைலாசம் எனப் போற்றப்படுகிறது. கொட்டியாரக் குடாவுக்கு அப்பால், மகாவலி கங்கையின் பக்கத்தில், கங்குவேலியில் அகத்தியர் தாபனம் என்று ஓர் இடமும் உண்டு. ஆகவே அகத்தியரை அடையாளம் காட்டுவதில் சிரமம் இல்லை. அவருக்குப் பக்கத்தில் நிற்பவரைக் காட்டுவதற்குத்தான் சற்றுப் பொறுமை வேண்டும்.

இதில் எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி உண்டு. இந்த விண்மீனின் கோளைக் கண்டுபிடித்த குழுவின் தலைவர் ஆன்-மரி லக்ராஞ் பிரான்சு நாட்டவர். பாரிஸ் நகரிலோ கிரனோபிளிலோ ஆண்டு முழுவதும் காத்திருந்தாலும் பீற்றா பிக்டோரிஸ் அடிவானத்துக்கு மேலே வராது. அவர்கள் அதைப் பார்ப்பதற்குச் சிலி நாட்டின் பாலைவனத்துக்குப் போகவேண்டியிருந்தது. நமக்கோ முற்றத்து விளக்கை அணைத்தால் போதும்.

விண்மீனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தூரம் ஏறத்தாழ 63 ஒளியாண்டுகள். சூரியனைப்போல் ஒன்றேமுக்கால் மடங்கு திணிவும் ஒன்பது மடங்குக்குச் சற்றுக் குறைவான ஒளிர்வும் கொண்டது. வயதுதான் முக்கியம்: ஏறத்தாழ 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகள். கேட்பதற்குப் பெருந்தொகையாக இருந்தாலும், சூரிய குடும்பத்தின் வயதில் இது இருநூறில் ஒரு பங்குதான். கோள்கள் உருவாகி முடிந்தும் முடியாததுமான பருவத்தில் அந்த வீடு இருக்கிறது. கட்டட வேலைக்குக் கொண்டுவந்த கல்லும் மணலும் இன்னும் முற்றத்தில் கிடக்கின்றன.

அந்த மிச்சப் பொருளைத்தான் வானியலாளர் முதலில் கண்டார்கள். 1983ஆம் ஆண்டில் ஐராஸ் என்ற அகச்சிவப்புச் செய்மதி, இந்த விண்மீன் தன் வெப்பநிலைக்கு உரியதைவிடக் கூடுதலான அகச்சிவப்பு ஒளியை வெளியிடுவதைப் பதிவுசெய்தது. விண்மீனின் ஒளியை உறிஞ்சிச் சூடேறிய தூசு அதனைச் சூழ்ந்திருக்க வேண்டும் என்பதே அதன் பொருள். அடுத்த ஆண்டு பிராட்பர்ட் சிமித், றிச்சர்ட் டெரில் என்ற இரு அமெரிக்கர்கள், சிலியில் லாஸ் கம்பனாஸ் மலையிலுள்ள தொலைகாட்டியில், விண்மீனின் ஒளியை மட்டும் ஒரு சிறு மறைப்பால் தடுத்துவிட்டு அதன் அயலைப் படம்பிடித்தார்கள். இருபுறமும் நீண்ட ஒரு கோடு தெரிந்தது. அது ஒரு தூசித் தட்டு; அதன் விளிம்பு நம்மை நோக்கி இருப்பதால் நமக்குக் கோடாகத் தெரிகிறது. அவர்கள் கண்ட அளவிலேயே அது விண்மீனிலிருந்து சூரிய-புவித் தூரத்தைப்போல் 400 மடங்கு வரை பரந்திருந்தது. வேறொரு விண்மீனைச் சூழ்ந்த தட்டைப் படமாகக் கண்டது அதுவே முதல் முறை.

தட்டின் விளிம்பு நம்மை நோக்கி இருப்பதால் இன்னொரு நன்மையும் கிடைத்தது. அங்கே விண்மீனை நோக்கி விழும் வால்வெள்ளிகள் ஆவியாகும்போது எழும் வாயு, விண்மீனின் ஒளியில் கல்சியத்துக்குரிய நிறமாலைக் கோடுகளைச் சில மணி நேரத்துக்கு மாற்றிவிடுகிறது. 1980களிலிருந்தே பிரெஞ்சு ஆய்வாளர்கள் இதைக் கவனித்து வந்தார்கள். 2014இல் வெளியான ஆய்வொன்று ஏறத்தாழ ஐந்நூறு வால்வெள்ளிகளின் தடயங்களைப் பிரித்தறிந்து, அவை இரு குடும்பங்களைச் சேர்ந்தவை என்று காட்டியது. இத்தனை வால்வெள்ளிகளை அவற்றின் பாதையிலிருந்து இழுத்து உள்ளே தள்ளுவது யார் என்ற வினா இயல்பாகவே எழுந்தது. ஹபிள் தொலைகாட்டி தட்டின் உட்பகுதி சற்றுச் சாய்ந்திருப்பதைக் காட்டியபோது, பாரமான கோள் ஒன்று தன் பாதையின் சாய்வுக்கு ஏற்றபடி அதை வளைக்கிறது என்று கணித்துச் சொன்னவர்களும் இருந்தார்கள். அதாவது, ஒருவரும் பார்ப்பதற்கு முன்னரே அந்தக் கோளுக்கு ஓர் இருக்கை போடப்பட்டிருந்தது.

அதைப் பார்த்த கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது.

2003 நவம்பரில், சிலியின் பரனல் மலையிலுள்ள 8.2 மீற்றர் தொலைகாட்டிகளுள் ஒன்றால் லக்ராஞ் குழுவினர் பீற்றா பிக்டோரிஸைப் படம்பிடித்தார்கள். வளிமண்டலத்தின் கொந்தளிப்பால் விண்மீனின் உருவம் கலங்குவதை நொடிக்கு நொடி அளந்து, வளையக்கூடிய ஓர் ஆடியின் வடிவத்தை மாற்றிச் சரிசெய்யும் கருவி அதில் இருந்தது. அவர்கள் பயன்படுத்தியது அகச்சிவப்பு ஒளி. கட்புலனாகும் ஒளியில் விண்மீன் கோளை முற்றாக மூழ்கடித்துவிடும். சூடான கோளோ அகச்சிவப்பில் தானாகவே ஒளிர்வதால், அங்கே அது விண்மீனைவிட ஆயிரம் மடங்குக்குச் சற்று மேல் மட்டுமே மங்கல். மட்டுமே என்ற சொல்லை வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். இந்தத் துறையில் அது பெரிய சலுகை.

ஆயினும் இடைவெளி ஒரு வில்விகலையில் பத்தில் நான்கு பங்கே. வில்விகலை என்பது ஒரு பாகையின் 3,600இல் ஒரு பங்கு என்று வகுப்பில் சொன்னால் மாணவர் குறித்துக்கொள்வார்களே தவிர, எதையும் மனத்தில் காண்பதில்லை. ஆகவே இப்படிச் சொல்வேன்: திருகோணமலை இறங்குதுறையிலிருந்து மூதூர் இறங்குதுறை கடல்வழியாகப் பன்னிரண்டு கிலோமீற்றர் அளவு. மூதூரில் ஒருவர் இரண்டு விளக்குகளை ஏறத்தாழ இரண்டரைச் சென்ரிமீற்றர் இடைவெளியில் பிடித்திருக்கிறார். அவற்றில் ஒன்று மற்றதைவிட ஆயிரம் மடங்கு மங்கல். இங்கே நின்று அந்த இரண்டாவது விளக்கை இனங்காண வேண்டும்.

அந்தப் படங்களில் ஒரு புள்ளி இருந்தது. ஆனால் உலகம் அதைக் கேள்விப்பட்டது 2008 நவம்பரில். இடைப்பட்ட காலத்தில் அந்தத் தரவு கிடப்பில் கிடந்து, விண்மீனின் சிதறிய ஒளியைக் கழித்துவிடும் முறைகள் மேம்பட்ட பின்னர் மீண்டும் எடுத்து ஆராயப்பட்டபோதுதான் புள்ளி துலங்கியது. அப்போதும் அவர்கள் அதைக் கோள் என்று அடித்துச் சொல்லவில்லை. பல நூறு ஒளியாண்டுகள் பின்னால் நிற்கும் வேறொரு விண்மீன் தற்செயலாக அதே திசையில் தெரிந்திருக்கலாம் அல்லவா? அதைத் தீர்ப்பதற்கு வழி ஒன்றே: மறுபடியும் பார்ப்பது. 2009இன் தொடக்கத்தில் மறுபடியும் பார்த்தார்கள். புள்ளி இல்லை.

இந்த இடத்தில் கதையை நிறுத்தி, இனி என்ன முடிவுக்கு வருவீர்கள் என்று மாணவர்களிடம் கேட்பது என் வழக்கம். பெரும்பாலோர் முதற்படம் பிழை என்பார்கள். ஆனால் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு கோளைத் தட்டின் விளிம்புப் பக்கமிருந்து பார்க்கும்போது, அது தன் பாதையின் ஒரு கட்டத்தில் விண்மீனின் ஒளிவெள்ளத்துக்குள் மறைந்தே தீர வேண்டும். இல்லாமற்போனதே கோள் என்பதற்கு இசைவான நடத்தை. 2009இன் இறுதி மாதங்களில் குழுவினர் மீண்டும் தொலைகாட்டியைத் திருப்பியபோது, விண்மீனின் மறுபக்கத்தில், தென்மேற்கில், புள்ளி வெளிப்பட்டது. 2003இல் அது வடகிழக்கில் இருந்தது. 2010 ஜூனில் முடிவு வெளியானது. தன் விண்மீனின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்ந்ததை மனிதர் கண்ணால் கண்டு உறுதிசெய்த அந்தக் கோளுக்குப் பீற்றா பிக்டோரிஸ் பி என்று பெயர்.

ஒரு பக்கக் குறிப்பு. 2003இல் அந்த ஆடியில் விழுந்த ஒளி கோளை விட்டுப் புறப்பட்டது 1940 வாக்கில். யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின் மீதும் சீனக்குடாவின் மீதும் குண்டு வீசிய 1942 ஏப்ரல் 9ஆம் நாளில், அந்த ஒளி வழியில் ஏறத்தாழ இரண்டு ஒளியாண்டு தூரத்தையே கடந்திருந்தது.

கோளைப் பற்றி இன்று தெரிந்தவை பல. விண்மீனிலிருந்து அதன் சராசரித் தூரம் ஏறத்தாழ 10 வானியல் அலகுகள், அதாவது சூரிய-புவித் தூரத்தைப்போல் பத்து மடங்கு. நமது சூரிய குடும்பத்தில் சனி இருக்கும் இடத்துக்கு ஒப்பானது. திணிவு வியாழனைப்போல் பதினொரு மடங்கு அளவு; ஆரை வியாழனைப்போல் ஒன்றரை மடங்கு. வெப்பநிலை ஏறத்தாழ 1,700 கெல்வின், அதாவது 1,400 பாகை செல்சியஸுக்கு மேல். தங்கமும் செம்பும் அங்கே திரவமாகத்தான் இருக்கும். இந்த வெப்பம் விண்மீனிலிருந்து வந்ததாக இருக்க முடியாது. ஒன்பது சூரியன்களின் ஒளியைப் பத்து வானியல் அலகுத் தூரத்தில் ஏற்கும் ஒரு பொருள், உறைநிலைக்கு நூறு பாகைக்கும் கீழே குளிர்ந்து கிடக்க வேண்டும். இதை உயர்தர மாணவர் எவரும் ஸ்டீபன்-போல்ட்ஸ்மன் விதியைக் கொண்டு ஐந்து நிமிடத்தில் கணித்துவிடலாம். எனவே அந்தச் சூடு பிறப்போடு வந்தது. பெருந்தொகையான வாயுவும் தூசும் தம் ஈர்ப்பினாலேயே ஒன்றன்மேல் ஒன்று விழுந்து திரண்டபோது வெளிப்பட்ட சக்தி இன்னும் ஆறித் தீரவில்லை. நமது வியாழனும் அப்படியொரு காலத்தைக் கடந்து வந்ததுதான். 460 கோடி ஆண்டுகளாக ஆறிக்கொண்டிருந்தும், இன்றும் அது சூரியனிடமிருந்து பெறுவதைவிடக் கூடுதலான வெப்பத்தை வெளியே விடுகிறது.

டச் பே கடற்கரையில் மாணவர் சிலரோடு நின்று இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த ஒரு மாலை நினைவில் இருக்கிறது. ஒரேயொரு இருகண் நோக்கியைக் கைமாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதன் வார் ஒவ்வொருவர் காதிலும் சிக்கி, அடுத்தவர் பொறுமையிழந்து இழுப்பதும் நடந்துகொண்டிருந்தது. எல்லாம் கேட்ட பிறகு ஒரு மாணவி, "சேர், அங்க உயிர் ஏதும் இருக்குமா?" என்றாள். இல்லை என்றேன். "அப்ப ஏன் சேர் இவ்வளவு கஷ்டப்பட்டுப் பாக்கினம்?" என்று பக்கத்தில் நின்ற பையன் கேட்டான்.

நியாயமான கேள்வி, ஆனால் அதை அவன் தானாகக் கேட்கவில்லை என்றே நினைக்கிறேன். தமிழில் வேற்று விண்மீன்களின் கோள்களைப் பற்றி வெளிவரும் செய்திகளில் பத்துக்கு ஒன்பது, இரண்டாவது பூமி கிடைத்துவிட்டது, அங்கே தண்ணீர் இருக்கலாம், நாளை நாம் குடிபெயரலாம் என்ற பாணியிலேயே எழுதப்படுகின்றன. வாடகைக்கு வீடு பார்ப்பவர்போல் வானத்தைப் பார்க்கும் இந்தப் பழக்கம் எனக்கு உவப்பாக இல்லை. ஒரு பெருங்கோள் உருவாகிச் சில கோடி ஆண்டுகளே ஆன நிலையில் எவ்வளவு சூடாக இருக்கும், எவ்வளவு வேகமாகச் சுழலும், தன் அயலிலுள்ள வால்வெள்ளிகளை என்ன செய்யும் என்பவற்றுக்கு விடை கூறும் ஒரு பொருள் வெறுங்கண்ணுக்குத் தெரியும் விண்மீனருகே நிற்கிறது. வியாழனும் சனியும் இன்றைய நிலைக்கு எப்படி வந்தன என்று அறிய அவற்றின் இளமைக்குத் திரும்பிப் போக வழியில்லை. ஆனால் வேறொருவர் வீட்டில் அதே இளமையைப் பார்க்கலாம். பையனிடம் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. அந்தக் கோளில் ஒரு நாள் எவ்வளவு நேரம் என்று தெரியுமா என்று மட்டும் கேட்டேன்.

எட்டு மணி நேரம். 2014இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரைச் சேர்ந்த இக்னாஸ் சினெலன் குழுவினர் இதை அளந்தார்கள். வேறொரு விண்மீனின் கோள் தன்னைத்தானே சுற்றும் வேகம் அளக்கப்பட்டது அதுவே முதல் முறை. அளந்த விதம் பள்ளிப் பாடத்துக்கு வெளியே இல்லை. கோளின் வளிமண்டலத்தில் காபனோரொட்சைட்டு உண்டு. அது உறிஞ்சும் நிறமாலைக் கோடுகள் கூர்மையானவை. கோள் சுழலும்போது அதன் ஒரு விளிம்பு நம்மை நோக்கி வருகிறது, மறுவிளிம்பு விலகிச் செல்கிறது. டொப்ளர் விளைவினால் ஒரு பக்கத்து ஒளி நீலத்தின் பக்கமும் மறுபக்கத்து ஒளி சிவப்பின் பக்கமும் நகர, புள்ளியாக மட்டும் தெரியும் கோளின் ஒளியில் அந்தக் கோடுகள் அகன்றுவிடுகின்றன. அகலத்திலிருந்து வேகம் வந்தது: நடுக்கோட்டில் நொடிக்கு 25 கிலோமீற்றர். புவியின் நடுக்கோட்டில் இது நொடிக்கு அரைக் கிலோமீற்றருக்கும் குறைவு. வியாழனில் 13 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. இதோடு முடியவில்லை. கோள் ஆற ஆறச் சுருங்கும். சுருங்கச் சுருங்க, கோண உந்தம் மாறாதிருப்பதால், இன்னும் விரைவாகச் சுழலும். வியாழனின் அளவுக்குச் சுருங்கும் காலத்தில் அங்கே ஒரு நாள் மூன்று மணி நேரமாகிவிடும் என்று கணித்திருக்கிறார்கள்.

அந்தக் கோளுக்காகக் காத்திருந்து ஏமாந்த ஒரு பருவமும் உண்டு. அதன் பாதை ஏறத்தாழ நமது பார்வைக் கோட்டிலேயே அமைந்திருந்தும், விண்மீனுக்கு முன்னால் நேராகக் கடக்காமல் மயிரிழையில் தப்பிவிடுகிறது. ஆனால் அதன் ஈர்ப்பு ஆட்சி செய்யும் எல்லை மிகப் பெரியது. அதன் ஆரை சூரிய-புவித் தூரத்தைவிடக் கூடுதல். அந்த எல்லைக்குள் நிலவுகளும் வளையங்களும் இருந்தால், அவை விண்மீனுக்கு முன்னால் கடக்கும்போது ஒளி குறைய வேண்டும். 1981 நவம்பரில் இந்த விண்மீனின் ஒளி சில நாட்கள் விசித்திரமாக ஏறி இறங்கிய பதிவு ஒன்றும் இருந்ததால், 2017 ஏப்ரலிலிருந்து 2018 ஜனவரி வரை நிகழவிருந்த இந்தக் கடப்பை எல்லோரும் ஆவலோடு எதிர்பார்த்தார்கள். தென்னாபிரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் இதற்கென்றே சிறு கமெராக் கருவிகள் நிறுவப்பட்டன. பாரிஸ் வான்நோக்கு நிலையத்தினர் இன்னும் ஒருபடி மேலே போய், ஒரு கையில் தூக்கக்கூடிய பிக்சாட் என்ற செய்மதியைக் கட்டினார்கள்.

அந்தச் செய்மதி ஏவப்பட்டது நமக்கு அயலிலிருந்து. 2018 ஜனவரி 12ஆம் நாள் சிறீஹரிகோட்டாவிலிருந்து இந்தியாவின் பிஎஸ்எல்வி ஏவூர்தியில் அது புறப்பட்டது. துருவப் பாதைக்குச் செல்லும் இந்த ஏவூர்திகள் நேரே தெற்கு நோக்கிப் பறந்தால் இலங்கைத் தீவின் மேலாகவே போகவேண்டியிருக்கும். ஆகவே அவை முதலில் தென்கிழக்காகக் கடலின் மேல் சென்று, தீவைச் சுற்றிப் பாதையை வளைத்து, பின்னர்தான் தெற்கே திரும்புகின்றன. எரிபொருளில் ஒரு பகுதியை இந்த வளைவே தின்றுவிடுகிறது. எமது கிழக்குக் கடலுக்கு அப்பால் வளைந்து போன அந்த ஏவூர்திக்குள், நான் மூதூர் வயல்வெளியில் தேடும் அதே விண்மீனைப் பார்ப்பதற்கென்று ஒரு கண் இருந்தது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். அது நெடுநாள் உழைக்கவில்லை. மார்ச் மாதத்தில் தொடர்பு அறுந்தது. தரையிலிருந்த கருவிகள் முழுப் பருவமும் பார்த்தன. 1981இல் கண்டதைப் போன்ற எதுவும் நிகழவில்லை. விண்மீனின் ஒளியைக் குறிப்பிடத்தக்க அளவு மறைக்கும் தூசோ வளையமோ அந்த வழியில் இல்லை என்பதே முடிவு. செய்தித்தாள்களில் இடம்பெறாத முடிவு. ஒன்றுமில்லை என்று சொல்வதற்கு எத்தனை பேர் எத்தனை இரவுகள் விழித்திருந்தார்கள் என்பதை எண்ணும்போது, கண்டுபிடிப்புகளைவிட இதைத்தான் நான் வகுப்பில் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

கோளின் பாரத்தை அளந்தது வேறொரு நல்ல கதை. கோள் விண்மீனைச் சுற்றுகிறது என்று சொல்கிறோமே தவிர, உண்மையில் இரண்டும் தம் பொதுத் திணிவு மையத்தைச் சுற்றுகின்றன. பதினொரு வியாழன் பாரமுள்ள ஒன்று ஒரு பக்கம் நிற்கும்போது விண்மீனும் சில மில்லியன் கிலோமீற்றர் மறுபக்கம் ஒதுங்கித்தான் ஆகவேண்டும். அகத்தியருக்கு அருகே இப்படியொரு நிறைசெய்தல் நடப்பதைப் புராணம் பாடியவர்கள் அறிந்திருந்தால் விட்டிருக்கமாட்டார்கள். 1989இல் ஏவப்பட்ட ஹிப்பார்கஸ் செய்மதி அளந்த விண்மீனின் இடத்தையும், கால் நூற்றாண்டுக்குப் பின்னர் கையா செய்மதி அளந்த இடத்தையும் ஒப்பிட்டு, இடையில் அது எவ்வளவு ஒதுங்கியது என்று பார்த்து, 2018இல் சினெலனும் அந்தனி பிரௌனும் அந்தத் திணிவைக் கணித்தார்கள்.

அதற்கு அடுத்த ஆண்டு லக்ராஞ் குழுவினரே இரண்டாவது கோளையும் அறிவித்தார்கள். அது விண்மீனுக்கு மிகவும் நெருங்கி, 2.7 வானியல் அலகுத் தூரத்தில், ஏறத்தாழ மூன்றேகால் ஆண்டில் சுற்றிவருகிறது. முதலில் அது விண்மீனின் ஆட்டத்தைக் கொண்டு ஊகித்தறியப்பட்டது. 2020இல் பரனலின் நான்கு பெருந்தொலைகாட்டிகளையும் ஒன்றாக இணைத்து அதன் ஒளியையும் பிடித்துவிட்டார்கள். சாட்சியத்திலிருந்து காட்சிக்கு ஒரே ஆண்டில் வந்த கோள் அது. 2024 ஜனவரியில் வெப் தொலைகாட்டியின் படங்கள், தட்டின் ஒரு பக்கத்திலிருந்து பூனை வால்போல் வளைந்தெழும் தூசுத் திரளைக் காட்டின. அந்த வீட்டில் இன்னும் பொருட்கள் மோதி உடைகின்றன.

கடற்கரையில் கேள்வி கேட்ட அந்தப் பையன் அடுத்த வாரம் வகுப்பில் ஒரு கணக்கோடு வந்தான். கெப்ளரின் மூன்றாம் விதியை அப்போதுதான் படித்திருந்தோம்: தூரத்தை வானியல் அலகில் எடுத்து மும்மடியாக்கி, விண்மீனின் திணிவைச் சூரியத் திணிவில் எடுத்து அதனால் வகுத்து, வர்க்கமூலம் கண்டால் சுற்றுக்காலம் ஆண்டுகளில் வரும். முதலில் வியாழனுக்குச் செய்து பார்த்திருக்கிறான். 5.2இன் மும்மடி, சூரியனுக்கு ஒன்று, விடை 11.9 ஆண்டுகள். "அதாலதான் சேர் வியாழமாற்றம் வருசத்துக்கு ஒருக்கா வருது, பன்னிரண்டு ராசிக்கும் பன்னிரண்டு வருசம்" என்றான். அவனுடைய அப்பம்மா பஞ்சாங்கம் பார்ப்பவர். பிறகு பீற்றா பிக்டோரிஸ் பி: பத்தின் மும்மடி ஆயிரம்; அதை 1.75ஆல் வகுக்க 571, வர்க்கமூலம் 23.9. ஆய்வாளர்கள் இருபதாண்டு அளவீடுகளிலிருந்து பெற்ற சுற்றுக்காலமும் 23க்கும் 24க்கும் இடைப்பட்டதே.

"அப்ப 2003ஓட 24ஐக் கூட்டினா 2027, சேர்" என்றான். ஆம், முதன்முதலில் படத்தில் பதிந்த இடத்துக்கு அந்தக் கோள் 2027 வாக்கில்தான் திரும்பி வரும். மனிதர் அதைப் பார்க்கத் தொடங்கிய பின்னர் அது முழுமையாகச் சுற்றி முடிக்கும் முதற் சுற்று அதுவாக இருக்கும்.